சுருக்கா, கிட்டியா, கூண்டா?

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ஏரிக்கரை வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கும் என் தம்பி மகன், ஐப்பசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காணொளியில் அழைத்து, நலம் விசாரித்து முடிப்பதற்குள்ளாகவே, "பெரியப்பா, நீங்க எலிக்குச் சுருக்குப் போடுவீங்களா, கிட்டி போடுவீங்களா?" என்று கேட்டான். கிட்டி என்பது மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் எங்கள் எலிப்பொறி. கணினி வேலை பார்க்கிறவனுக்கு எலியைப் பற்றி என்ன கவலை என்று நினைத்தேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். அவன் குடியிருக்கும் வீட்டின் பின்புறக் கரையை மஸ்க்ராட் என்னும் விலங்கு துளைத்து, புல்தரையில் ஒருவர் கால் உள்ளே போகும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. போதாததற்கு, வீட்டுக்காரர் வளர்க்கும் கோழிகளில் நான்கை ஒரே இரவில் மிங்க் என்ற இன்னொரு விலங்கு கொன்றுவிட்டிருக்கிறது. எழுபது வயதைக் கடந்த அந்த வீட்டுக்காரரிடம் ஒரு கட்டு கம்பிச் சுருக்கும், பரணில் துருப்பிடித்த சில இரும்புப் பொறிகளும் இருக்கின்றன. எதை வைப்பது என்பதில் அவருக்கே குழப்பம். உதவிக்குப் போன இவன், ஊரில் பெரியப்பா நாற்பது வருடமாக எலி பிடிக்கிறவர் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில், கே.ஆர்.பி. அணை எனப்படும் கிருஷ்ணகிரி அணையின் கால்வாய்ப் பாசனத்தில், எங்களுக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல் இருக்கிறது; வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே வரப்பைத் துளைப்பவற்றோடும் கோழியைத் தூக்குபவற்றோடும் எனக்குச் சண்டைதான். ஆனாலும் கண்ணால் கண்டிராத விலங்குக்கு வாயால் வைத்தியம் சொல்லக் கூடாது என்பதால், ஒரு வாரம் கொடு என்று கேட்டு வாங்கி, கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததையும், இங்கே கைப்பட அறிந்ததையும் சேர்த்து அவனுக்குச் சொன்னவற்றைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். நம் நாட்டு ஆங்கிலத்தில் மஸ்க்ராட் என்று பல காலமாகச் சொல்லிவந்தது வீட்டுச் சுவரோரம் கீச்சிட்டுக்கொண்டு ஓடும் மூஞ்சூற்றை. அது எலி இனமே அல்ல. பூச்சி தின்னும் சிறு பிராணி. அமெரிக்க மஸ்க்ராட் வேறு. அது ஒரு கிலோவுக்கு முன்பின் எடையுள்ள நீர்வாழ் கொறிவிலங்கு. பக்கவாட்டில் தட்டையான, மயிரற்ற வாலைத் துடுப்பாக ஆட்டி நீந்தும். சம்பைப் புல்லின் கிழங்கையும் தண்டையும் தின்னும். அதே புல்லைக் குவித்துத் தண்ணீருக்கு நடுவில் குடிலும் கட்டும், கரை வாகாக இருந்தால் கரையில் வளையும் தோண்டும். வளையின் வாசல் தண்ணீருக்கு அடியில் இருக்கும். உள்ளே மேல்நோக்கிப் போய், தண்ணீர் ஏறாத உயரத்தில் அறை இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு கால் மணி நேரம் வரை அதனால் நீருக்குள் இருக்க முடியும்.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது பெருச்சாளிதான். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் அதைப் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி, என்பார்கள். ஆங்கிலத்தில் பாண்டிகூட் என்று வழங்கும் சொல் இந்தப் பந்திகொக்கிலிருந்து போனதுதான். ஆஸ்திரேலியாவில் பை வைத்த ஒரு பிராணிக்கும் வெள்ளைக்காரர்கள் அதே பெயரைச் சூட்டியது தனிக் கதை. வயலில் நம்மை அதிகம் படுத்துவது பெரிய பெருச்சாளியைவிட அதன் சிறிய உறவான வரப்பெலி. வரப்பை ஒட்டி மண்ணைக் கோபுரமாகத் தள்ளி, வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொண்டு, கதிரை அறுத்து அறுத்து உள்ளே சேர்க்கும். நன்றாக நீந்தவும் செய்யும். மேல் மடைத் தண்ணீர் இரவோடிரவாகக் கீழ் வயலுக்கு வடிந்துபோய்க் காலையில் வயல் வெடித்துக் கிடந்தால், பாதி நாள் நண்டு வளை, மீதி நாள் இதன் வளை. கரையைத் துளைக்கும் குணத்தில் இவையும் மஸ்க்ராட்டும் ஒன்றுதான்.

அந்தக் குணத்தின் விலை என்ன என்பதை ஐரோப்பா நன்றாக அறிந்திருக்கிறது. 1905-ல் பிராகா நகருக்கு அருகில் ஒரு பிரபு சில மஸ்க்ராட்டுகளைக் கொண்டுவந்து விட்டார். அவை பெருகிப் பரவி, 1941-ல் நெதர்லாந்தை எட்டின. கடல் மட்டத்துக்குக் கீழே கரை கட்டி வாழும் நாடு அது. கரையில் துளை விழுந்தால் ஊரே போகும் என்பதால், மஸ்க்ராட் பிடிப்பதற்கென்றே அங்கே நீர் வாரியங்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன. நம் கால்வாய்க் கரைகளுக்கும் அப்படி ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சுருக்குக்கும் பொறிக்கும் அடிப்படை வேறுபாடு, இறுக்கும் விசை எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. சுருக்கு என்பது கம்பியில் ஒரு கண்ணி, அவ்வளவுதான். அதற்கென்று சொந்தப் பலம் எதுவும் கிடையாது. விலங்கு தலையை நுழைத்து முன்னே போகும்போதும், பயந்து திமிறும்போதும், அந்த இழுப்பாலேயே அது இறுகுகிறது. பொறியில் அப்படியல்ல. வில்லோ சுருளோ விசையைத் தன்னிடம் சேமித்து வைத்திருக்கிறது; தட்டிவிட்ட நொடியில் அந்த விசை பாய்கிறது. ஆகவே சுருக்கு சரியாக வேலை செய்ய வேண்டுமானால் விலங்கு ஒரே தடத்தில் தலை நிமிர்ந்து நேராக வர வேண்டும். கழுத்து தலையைவிடத் தெளிவாக ஒடுங்கியிருக்க வேண்டும். அந்தத் தடத்தில் வேறு எதுவும் வரக் கூடாது. மூன்றும் கூடிவருவது அரிது. மூன்றில் ஒன்று தவறினாலும் கம்பி கழுத்தை விட்டு இடுப்பில் விழும், அல்லது விழாமலே போகும்.

மஸ்க்ராட்டுக்குத் தடம் உண்டு. தினமும் ஒரே வழியில் நீந்திப் போவதால் வாசலுக்கு முன்னால் நீரடி மண்ணில் வாய்க்கால் போல ஒரு பள்ளம் தேய்ந்துவிடும். ஆனால் அதன் கழுத்து குறுகியது, தடித்தது. தலையும் உடலும் ஒரே உருளையாக இருக்கும். மிங்க்கின் நிலைமை இன்னும் மோசம். அது மரநாய், கீரி போன்ற நீண்ட ஒல்லி உடம்புக்காரி. உண்மையில் நீர்நாய்க்குத்தான் நெருங்கிய உறவு. ஆணே ஒரு கிலோவுக்குச் சற்று மேல் போனால் அதிகம். பெண் அதில் பாதிதான். தலைக்கும் கழுத்துக்கும் பருமனில் பெரிய வித்தியாசம் இல்லாத இத்தகைய உடம்பு, கண்ணிக்குள் தலையை விட்டதும் உடம்பையும் விட்டுக்கொண்டே போய்விடும். அதற்கென்று கண்ணியைச் சுருக்கினால் தலையே நுழையாது. கீரியைச் சுருக்கில் பிடிக்கப் பார்த்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள். வெறும் கம்பி முறுக்கிக் கிடந்த கதையைத்தான் சொல்வார்கள்.

அங்கே மஸ்க்ராட், மிங்க் இரண்டுக்கும் பெரும்பாலோர் கையாள்வது கோனிபேர் என்ற உடல்பிடிப் பொறி. ஃபிராங்க் கோனிபேர் என்ற கனடா நாட்டு வேட்டைக்காரர் காலைக் கவ்வும் பழைய பொறிகளில் விலங்குகள் படும் பாட்டைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, பல வருடம் முயன்று வடிவமைத்தது. 1950-களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. இரண்டு சதுரக் கம்பிச் சட்டங்கள், பக்கத்தில் ஒரு சுருள் வில், நடுவில் மீசை போல இரண்டு கம்பிகள். விலங்கு சட்டத்துக்குள் நுழைந்து மீசையைத் தொட்டதும், சட்டங்கள் கத்தரி போலத் திரும்பிக் கழுத்தையோ மார்பையோ நொறுக்கும். இவற்றில் சிறியதான 110 என்ற அளவின் வாய் ஏறக்குறைய ஒரு சாண் அகலத்தில் பாதிதான். வளை வாசலில் நீருக்கடியில் இரண்டு குச்சி நட்டு நிறுத்தினால் போதும், இரைகூட வேண்டியதில்லை. வாய் சிறியது, இருக்கும் இடம் நீருக்கடியில், அதுவும் வாசலை ஒட்டி என்பதால், நாயோ வாத்தோ நீர்நாயோ அதில் மாட்டும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. எனக்கு இந்தப் பொறியில் பிடித்த அம்சம் அதன் வேகத்தைவிட இந்த அடக்கம்தான்.

இன்னொன்றைக் காலனிப் பொறி என்கிறார்கள். இரண்டரை மூன்றடி நீளக் கம்பிவலைப் பெட்டி. இரு முனையிலும் உள்நோக்கி மட்டுமே திறக்கும் தொங்கு கதவுகள். நீரடித் தடத்தில் கிடத்திவிட்டால் ஒரே இரவில் நான்கைந்து மஸ்க்ராட் உள்ளே போய்விடும். அவை நீரில் மூழ்கியே சாகும். மூச்சடக்கும் பிராணி என்பதால் சாவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். இதைப் படித்தபோது, எங்கள் ஊரில் எலி விழுந்த கூண்டை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திவிட்டுப் பல் துலக்கப் போகும் வழக்கம் நினைவுக்கு வந்தது. அதை நானும் செய்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை. காலைக் கவ்வும் பொறியை ஐரோப்பிய ஒன்றியம் 1995 முதல் தடை செய்திருக்கிறது. சுருக்கை வேல்ஸ் 2023-லும் ஸ்காட்லாந்து 2024-லும் சட்டம் போட்டு நிறுத்தின. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். பருவம், உரிமம், பொறியை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது வரை விதி உண்டு. அதனால் அவனிடம், பொறியைத் தொடுவதற்கு முன் உள்ளூர் வனவிலங்கு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

எங்கள் கிட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. டெல்டாவில் பிறந்த பொருள் என்பதால் தஞ்சாவூர்க் கிட்டி என்று பெயர். இங்கே எங்களுக்குக் கட்டித் தருகிறவர் இருளர் குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். அவர் வைத்தால் விழும், நான் வைத்தால் விழாது என்பது முதல் பத்து வருடங்களுக்கு உண்மையாக இருந்தது. பிளந்த மூங்கில் பத்தையை வில்லாக வளைத்து நாண் ஏற்றி, அந்த முறுக்கு விடுபடாமல் விரல் நீளக் குச்சி ஒன்றால் தடுத்து, அந்தக் குச்சியோடு இரையைச் சேர்த்துவிடுவார். இரையைக் கவ்வி எலி ஒரு இழுப்பு இழுத்தால் குச்சி நழுவும், வில் நிமிரும், நாண் கழுத்தைப் பிடித்துவிடும். பார்ப்பதற்குச் சுருக்கைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் விசை மூங்கிலில் இருக்கிறது, எலியின் திமிறலில் இல்லை. அதனால் கிட்டியில் விழுந்த எலி காலையில் விறைத்துக் கிடக்குமே தவிர, உயிரோடு சுற்றிச் சுற்றிக் கம்பியை முறுக்கிக்கொண்டு கிடப்பதை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். நூறு ரூபாய் இரும்புப் பொறியைவிட இந்த மூங்கில் துண்டில் அறிவு அதிகம் என்பது என் கட்சி.

அந்தப் பெரியவர் வைக்கும் விதத்தைச் சொல்கிறேன். மாலை வெயில் தணிந்ததும் வரப்பில் குனிந்துகொண்டே நடப்பார். புது மண் தள்ளிய வளை எது, பழைய வளை எது என்று விரலால் மண்ணைத் தொட்டே சொல்லிவிடுவார். புது மண் சில்லென்று ஈரமாக ஒட்டும், பழையது பொடியாக உதிரும். வளைக்கு நேர் எதிரே வைக்க மாட்டார். அங்கிருந்து கதிருக்குப் போகும் ஒற்றையடித் தடத்தில், புல் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும் இடத்தில் வைப்பார். இரைக்கு மற்றவர்கள் பொரியோ கருவாடோ வைப்பார்கள்; அவர் எங்கள் வீட்டு ராகிக் களியில் கொஞ்சம் கேட்டு வாங்கி, நிலக்கடலையைத் தட்டிப் போட்டு, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டுவார். முதல் இரண்டு நாள் இரையை மட்டும் தடத்தில் போட்டுவிட்டு வந்துவிடுவார். மூன்றாம் நாள்தான் கிட்டி. எலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் பயம். தின்று பழகிய இடத்தில் மட்டும் அதன் கவனம் சற்றுத் தளரும். நான் அவசரப்பட்டு முதல் நாளே முப்பது கிட்டி வைத்தபோது இரண்டு விழுந்தது. அவர் பழக்கிவிட்டு வைத்தபோது பன்னிரண்டு விழுந்தது. "பசிச்சவனுக்கு முன்னால உக்காந்து சாப்பிடச் சொல்லு தம்பி, அப்புறம் கதவைச் சாத்து" என்று சிரித்தார்.

காலமும் முக்கியம். நட்ட ஒரு மாதத்துக்குள், தண்டு உருள்வதற்கு முன், எலி எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும். கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் தீனி பெருகும், குட்டியும் பெருகும்; மூன்று வாரக் கர்ப்பம், ஒரு ஈற்றுக்கு ஏழெட்டுக் குட்டி என்று போகிற இனத்தை அப்போது கிட்டியால் துரத்திப் பிடிக்க முடியாது. பக்கத்து வயல்காரரும் சேர்ந்து வைக்காவிட்டால் காலியான வளைக்குப் புதுக் குடி வந்துவிடும். மஸ்க்ராட்டுக்கும் இதே கதைதான். வசந்தத்தில் இளசுகள் இடம் தேடிக் கிளம்பி, காலியான கரையைக் கைப்பற்றும். வரப்பை ஒல்லியாக வெட்டி வைப்பதும், கூகை வந்து உட்காரக் கழி நடுவதும் பொறியைவிட நீடித்த பலன் தரும். துத்தநாக பாஸ்பைடு விஷத்தை நான் விட்டுவிட்டேன். ஒருமுறை தின்று பிழைத்த எலி மறுபடி அந்தப் பக்கம் வராது, செத்த எலியைத் தின்ன வரும் பறவைக்கும் ஆபத்து.

சுருக்கின் மீது எனக்கு இருக்கும் வெறுப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் தம்பி மகனிடம் மறைக்கவில்லை. ஏழெட்டு வருடங்களுக்கு முன், எங்கள் கோழிப்பட்டியில் வாரம் ஒரு கோழி குறைந்துகொண்டே வந்தது. பட்டியின் பின்பக்கப் படலில் ஒரு சந்து. அதில் கோழி இறகு ஒட்டியிருந்தது. கீரிதான் என்று நானே தீர்ப்பு எழுதி, பழைய சைக்கிளின் பிரேக் கம்பியை உருவி, அந்தச் சந்தில் சுருக்குப் போட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு சத்தம். குழந்தை அழுவது போல என்று சொல்வார்கள். அதைவிட மோசமாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், பக்கத்து வீட்டு அக்காவின் சாம்பல் நிறப் பூனை. முன்னங்கால்களையும் தலையையும் கண்ணிக்குள் விட்டு, இடுப்பில் கம்பி இறுகி, படலைச் சுற்றி மூன்று முறை முறுக்கிக்கொண்டு கிடந்தது. சாக்கைப் போட்டு நான் அமுக்கிப் பிடிக்க, அக்கா கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டினார். அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. காயம் ஆறப் பத்து நாள் ஆனது. அந்த வட்டாரத்தில் எங்கள் நெல் குதிர்களை எலியிடமிருந்து காத்துவந்ததே அந்தப் பூனைதான். இன்றும் அதன் இடுப்பைச் சுற்றி வெள்ளை மயிர் ஒரு அரைஞாண் போல இருக்கிறது.

கோழி குறைவது நிற்கவும் இல்லை. அப்போதுதான் என் மனைவி, சுருக்கைத் தூக்கி எறிந்துவிட்டு அடுப்புச் சாம்பலைச் சலித்துச் சந்தின் இருபுறமும் இரண்டடிக்குப் பரப்பி வைத்தாள். அடுத்த நாள் காலை சாம்பலில் அச்சு அச்சாக விழுந்திருந்தது. நான்கு விரல்; நகம் பதிந்திருக்கிறது. பூனையானால் நகத்தை உள்ளிழுத்து நடக்கும், அச்சில் நகம் தெரியாது. கீரியானால் ஐந்து விரல் விழும். இது நாய், தெருக்கோடியில் புதிதாகக் குட்டி போட்டிருந்த நாய். கீரிக்கு நான் எழுதிய தீர்ப்பு அப்படியே சாம்பலில் கலைந்தது.

மிங்க் விஷயத்தில் இதே உத்தியைத்தான் பிரிட்டனில் பெரிய அளவில் கையாள்கிறார்கள் என்று இப்போது படித்தபோது என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தோலுக்காக வளர்க்கும் பண்ணைகளிலிருந்து தப்பிய மிங்க்குகள் அங்கே 1950-களில் காட்டிலேயே குட்டி போடத் தொடங்கி, ஆற்றங்கரை நீரெலிகளை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டன. அவற்றைப் பிடிக்க ஒரு சிறு தெப்பம் செய்து ஆற்றில் மிதக்க விடுகிறார்கள். தெப்பத்தின் மீது ஒரு சிறு சுரங்கம். அதற்குள் ஈரக் களிமண் தட்டு. பொந்தைக் கண்டால் எட்டிப் பார்க்காமல் போகாத மிங்க், தானே ஏறி வந்து காலடியைப் பதித்துவிட்டுப் போகும். காலடி விழுந்த பிறகே அந்தச் சுரங்கத்தில் கூண்டு வைக்கிறார்கள். கூண்டில் வேறு பிராணி விழுந்தால் திறந்து விட்டுவிடலாம். வந்தது யார் என்று தெரிந்த பிறகு பொறி, பொறியிலும் திரும்ப விடும் வழி: இந்த இரண்டும் சுருக்கில் கிடையாது. அதே பிரிட்டன் முன்பு 1932-ல் மஸ்க்ராட்டை ஒழிக்கச் சட்டம் இயற்றி, காலைக் கவ்வும் பொறிகளைக் கரை முழுக்க வைத்தது. சில வருடங்களில் மஸ்க்ராட் ஒழிந்தது உண்மை. ஆனால் ஸ்காட்லாந்தில் பிடிபட்டவை ஆயிரத்துக்கும் குறைவான மஸ்க்ராட்டுகள். அவற்றைப் போலப் பல மடங்கு நீர்க்கோழிகளும் நீரெலிகளும் செத்தன. அந்த அனுபவத்தை வைத்துப் பார்த்தால், களிமண் தட்டின் அருமை இன்னும் நன்றாக விளங்கும்.

நம் ஊருக்கு இதில் ஒரு சட்டப் பக்கமும் உண்டு. எலியைப் பிடிக்க யாரும் தடை சொல்வதில்லை. கீரி, காட்டுப்பூனை, மரநாய், காவிரியில் ஒகேனக்கல் பக்கம் இருக்கும் நீர்நாய் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்தச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குச் சொல்லும் பொருளிலேயே சுருக்கு வைப்பதும், பொறி வைப்பதும், அவற்றுக்கு முயல்வதும்கூட அடங்கியிருக்கின்றன. கோழியைத் தூக்கியது என்பது ஒரு வாதமாக எடுபடாது. தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், பாலக்கோடு பக்கங்களில் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது மேலும் பொருந்தும். பன்றிக்கென்று வைத்த கம்பியில் வருவது பன்றிதான் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளிக்கு அருகே ஒரு வயலைச் சுற்றியிருந்த மின்கம்பியில் பட்டு மூன்று யானைகள் இறந்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தன. அது சுருக்கல்ல, மின்வேலி. ஆனால் யார் வருகிறார் என்று பார்க்காத கம்பி என்ற வகையில் இரண்டும் ஒரே குடும்பம்.

எங்கள் பட்டிக்கு நாங்கள் கடைசியில் பொறி எதுவும் வைக்கவில்லை. அரை அங்குல வெல்ட் மெஷ் வாங்கி, படலை எடுத்துவிட்டு நான்கு பக்கமும் அடித்து, தரையில் ஒரு முழ ஆழத்துக்கு மண்ணுக்குள்ளும் இறக்கி, மேலேயும் மூடினோம். கீரி இன்றும் வரப்பில் திரிகிறது; எலி பிடிக்கிறது; எப்போதாவது பகலில் மேய வந்த கோழிக்குஞ்சு ஒன்றைக் கொண்டுபோகிறது. அதைக் கூலி என்று கணக்கில் எழுதிக்கொண்டோம்.

ஒரு வாரம் கழித்து அவனிடம் சொன்னது இவ்வளவுதான். மஸ்க்ராட்டுக்குச் சுருக்கு வேண்டாம். வளை வாசலைத் தேடிக் கண்டுபிடித்து, 110 பொறியை நீருக்கடியில் வை, தினமும் காலையில் போய்ப் பார். வாசல் கிடைக்காவிட்டால் காலனிப் பொறி பரவாயில்லை, ஆனால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கோழிக்கு முதலில் வலை அடி. கோழியைக் கொன்றது மிங்க்தானா என்று தெரியாமல் எதையும் வைக்காதே. அங்கே சாம்பலுக்கு எங்கே போவாய், பனி விழட்டும். வீட்டுக்காரருக்கு என் ஆலோசனையில் பாதி பிடிக்கவில்லை என்று தெரிகிறது. சுருக்கில் நரி பிடித்து வளர்ந்தவராம். நரியின் கழுத்துக்கும் நடைக்கும் சுருக்கு பொருந்தியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

மார்கழி முதல் வாரத்தில் ஒரு செய்தி வந்தது. மூன்று மஸ்க்ராட் விழுந்திருக்கின்றன. கரைப் பள்ளத்தில் கல்லும் மண்ணும் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். கூடவே ஒரு புகைப்படம்: கோழிக்கூட்டுக்கும் ஏரிக்கும் நடுவில், இரவு விழுந்த பனியில், இரண்டு இரண்டாகத் தாவிப் போன காலடிகள். அளவுக்குப் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்திருந்தான். "எத்தனை விரல் பெரியப்பா, எனக்குச் சரியா தெரியல" என்று கேட்டிருந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன். முதல் அச்சில் ஓரம் கலைந்திருந்தது. இரண்டாவது தெளிவாக இருந்தது; நகத்தோடு ஐந்து. அன்று மாலையே கூட்டின் சந்தை வலை போட்டு அடைத்துவிட்டார்கள். உரிமமும் பருவமும் இருந்ததால், வீட்டுக்காரர் தண்ணீரோரம் ஒரு மரப்பெட்டிக்குள் 110 பொறியை வைத்தாராம். கம்பிச் சுருக்குக் கட்டு பரணுக்கே போய்விட்டது என்று எழுதியிருந்தான்.

இங்கே அறுப்பு முடிந்து கிட்டிகளை எண்ணிக் கட்டினால் நாற்பதில் ஒன்பதுக்கு நாண் அறுந்திருக்கிறது. இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்குள் புது மூங்கில் வெட்டி வைக்கச் சொல்லிப் பெரியவர் ஆள் அனுப்பியிருக்கிறார்.